எண்ணை எழுத்தாக்கி நெஞ்சில் நிறுத்துதல்

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு நாள் நண்பகலில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் சென்றோம். திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நம் மகள் வாழ்கிறாள். திருச்சுழியில் இறங்கி அலைபேசியில் அழைத்தால், அவள் வண்டியில் வந்து அழைத்துச் செல்வது வழக்கம். அன்று பேருந்து புறப்பட்டுச் சென்ற பின்னரே, கைப்பை அதிலேயே தங்கிவிட்டதை உணர்ந்தோம். அலைபேசியும் அப்பைக்குள்ளேயே இருந்தது.

கரிசல் காட்டு வெயிலைப் பற்றி அவ்வட்டாரத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தேநீர்க் கடை நிழலில் ஒதுங்கினோம். கடைக்காரர் நம் நிலையைக் கேட்டுவிட்டுத் தம் அலைபேசியை எடுத்து, "நம்பரச் சொல்லுங்க தாயி, நான் போட்டுத் தாரேன்" என்றார். சொல்லத் தொடங்கினோம். முதல் நான்கு இலக்கங்கள் வந்தன. அதன் பின் இரண்டு இலக்கங்கள் முன்பின்னாக இடம் மாறி நின்று மயக்கின. இருமுறை முயன்றோம், இருமுறையும் யாரோ அயலார் எடுத்துப் பேசினர். "வேற யாரு நம்பராச்சும் மனசுல இருக்கா தாயி?" என்று கேட்டார். ஒன்றே ஒன்று தெளிவாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டில் இருந்த தொலைபேசியின் எண் அது. அந்த இணைப்பு நீங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பொழுது சாயும் வேளையில் மகள் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "நாலு மணி நேரமா கூப்புடுறேன், நீங்க எடுக்கவே இல்லையேம்மா" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் இதுதான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் 'நினைவும் மறதியும்' என்னும் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர் நாம். 29 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை இன்றும் பிழையின்றிச் சொல்லுவோம். பெற்ற மகளின் 10 இலக்க எண்ணைச் சொல்ல இயலவில்லை. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம். நமக்கு நேர்ந்தது நம் வாசகர்களில் எவருக்கும் நேரலாம் என்பதால், பாடமாகவே எழுதுகிறோம்.

எண் ஏன் நழுவுகிறது?

'மாமரம்' என்று கேட்டவுடன் மனத்தில் ஒரு மரம் எழுகிறது. '7-2-9' என்று கேட்டால் எதுவும் எழுவதில்லை. எண்ணுக்கு உருவமில்லை, மணமில்லை, கதையில்லை. எனவே மனம் அதைப் பற்றிக்கொள்ளப் பிடி கிடைப்பதில்லை.

ஒரே முறை கேட்டு அப்போதே திருப்பிச் சொல்லுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், அவ்வெல்லை ஏறத்தாழ 7 உருப்படிகள் என்றார். நெல்சன் கோவன் 2001-இல் அதை மேலும் ஆராய்ந்து, வேறு உத்திகளின் துணையில்லாதபோது அது 4 அளவில்தான் நிற்கும் என்று கூறினார். இங்கு 'உருப்படி' என்னும் சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உருப்படி என்பது ஓர் இலக்கமாகவும் இருக்கலாம். பல இலக்கங்கள் சேர்ந்து பொருள் பெற்ற ஒரு தொகுதியாகவும் இருக்கலாம். பாத்திரத்தின் அளவை மாற்ற இயலாது. ஆனால் அதனுள் தனித்தனி மணிகளை இடுவதா, மணிகளைக் கோத்த சரங்களை இடுவதா என்பது நம் கையில் உள்ளது.

இதனை நிறுவிய சோதனை ஒன்று உண்டு. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சேஸ், ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் இருவர் ஒரு சாதாரண மாணவரைத் தேர்ந்து நாள்தோறும் எண்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டனர். தொடக்கத்தில் அவர் 7 இலக்கங்களே சொன்னார். சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 79 இலக்கங்கள் சொன்னார். இம்முடிவு 1980-இல் வெளியாயிற்று. அவருடைய உத்தி மிக எளியது. அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். கேட்ட எண்களை மூன்று மூன்றாக, நான்கு நான்காகப் பிரித்து, ஓட்டப் பந்தயத்தின் கால அளவுகளாகக் கருதிக்கொண்டார். எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னபோது அவரால் 6 எழுத்துகளுக்கு மேல் சொல்ல இயலவில்லை. அவருடைய நினைவாற்றல் வளர்ந்துவிடவில்லை. எண்ணைப் பற்றிக்கொள்ளும் பிடி கிடைத்தது. 'எனக்கு நினைவாற்றல் குறைவு' என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இது நல்ல செய்தியாகும்.

முதல் வழி: அறிந்த தொகைகளோடு சேர்த்தல்

ஓட்டக்காரருக்கு ஓட்டம் துணையாயிற்று. நமக்குத் துணையாக நிற்பவை எவை? சிறு வயது முதல் பாடசாலையிலும் ஜினாலயத்திலும் நாம் ஓதிப் பழகிய தொகைகளே. மூன்று இரத்தினங்கள், நான்கு கதிகள், ஐந்து அணுவிரதங்கள், ஆறு திரவியங்கள், ஏழு தத்துவங்கள், எட்டு வினைகள், ஒன்பது பதார்த்தங்கள், பத்துத் தருமங்கள், பன்னிரண்டு பாவனைகள், பதினான்கு குணஸ்தானங்கள், இருபத்திரண்டு பரீஷகங்கள், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள், அறுபத்து மூன்று சலாகா புருஷர்கள், ஸ்ரீ மகாவீரர் வாழ்ந்த எழுபத்திரண்டு ஆண்டுகள். இவற்றை நாம் முயன்று நினைப்பதில்லை. கேட்டவுடன் நாவில் வருகின்றன.

2463121472 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். பத்துத் தனி இலக்கங்களாக நோக்கினால் அது பெரும் பாரம். இரண்டிரண்டாகப் பிரித்தால் 24, 63, 12, 14, 72 என ஐந்தே தொகுதிகள். இருபத்து நால்வரை உள்ளடக்கிய அறுபத்து மூவர், பன்னிரு பாவனையைப் பற்றிப் பதினான்கு படிகளில் ஏறுதல், எழுபத்திரண்டில் வீடு. இரண்டு முறை இதைப் படித்த வாசகர், தாளை மூடிவிட்டு எண்ணைச் சொல்லிப் பார்க்கட்டும்.

எல்லா எண்களும் இவ்வாறு இசைந்து வருவதில்லை. 87, 39 போன்றவற்றுக்குப் பொருந்தும் தொகை உடனே அகப்படாது. அங்கேதான் இரண்டாம் வழி வேண்டப்படுகிறது.

இரண்டாம் வழி: எழுத்தால் எண் உரைத்தல்

நம் நாட்டு முன்னோர் எண்களை எழுத்துகளாக மாற்றிச் சொற்களாக ஓதினர். அம்முறைக்குக் 'கடபயாதி' என்று பெயர். வடமொழி நெடுங்கணக்கில் க-வருக்கத்தின் ஐந்து எழுத்துகளும் முறையே 1, 2, 3, 4, 5 ஆகும். ச-வருக்கத்தின் ஐந்தும் 6, 7, 8, 9, 0 ஆகும். ட-வருக்கம் மீண்டும் 1 முதல் 5. த-வருக்கம் 6 முதல் 0. ப-வருக்கம் 1 முதல் 5. ய, ர, ல, வ என்பவையும் அவற்றின் பின் வரும் எழுத்துகளும் 1 முதல் 8 வரை பெறும். க, ட, ப, ய நான்கும் 1 என்னும் எண்ணைக் குறிப்பதால் இப்பெயர் வந்தது. உயிர்மெய்யில் ஏறிய உயிருக்கு மதிப்பில்லை. சொல்லை இடமிருந்து வலமாகப் படித்தாலும், முதல் எழுத்தே ஒன்றாம் இடத்து இலக்கம். எனவே எண்ணை எழுதும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும்.

இசை பயின்றோர் இதனை எளிதில் அறிவர். 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் முதல் இரண்டு எழுத்துகளே அவற்றின் வரிசை எண்ணைத் தரும். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1; திருப்பினால் 15. மேசகல்யாணியில் 'மே' 5, 'ச' 6, திருப்பினால் 65. ஹரிகாம்போஜி 28. தீரசங்கராபரணம் 29.

வானநூலார் இத்தகைய சொற்களையே தம் கணிதத்துக்குக் கருவியாகக் கொண்டனர். சந்திரனின் இயக்கத்தைக் குறிக்கும் 248 வாக்கியங்களைத் தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணிதர் மனப்பாடமாக வைத்திருந்தனர். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், எழுதுகோலும் தாளும் இன்றி, தரையில் கிளிஞ்சல்களை அடுக்கியும் நகர்த்தியும், வாய்பாடுகளைச் சொற்களாக நினைவிலிருந்து எடுத்தும் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்னும் அலுவலர் அதை நேரில் கண்டு 'கால சங்கலிதம்' என்னும் தம் நூலில் பதிவு செய்துள்ளார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை சில நிமிடங்களே. முடியும் நேரத்தில் பிழை மிகுதியாக இருந்தது. எனினும், அத்தனை எண்களையும் ஒருவர் நெஞ்சில் சுமந்தார் என்பதே நமக்கு இங்கு வேண்டிய பாடம்.

ஆகமத்தில் ஓர் அரிய எண்

இனி, நாம் முன்னர்க் குறிப்பிட்ட 29 இலக்க எண்ணுக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, சாமுண்டராயர் காலத்தில் அருளிய 'கோம்மடசாரம்' என்னும் நூலின் ஜீவகாண்டத்தில், பர்யாப்த மனிதர்களின் தொகை கூறப்படுகிறது. அந்த எண் இது:

79228162514264337593543950336

இது தற்செயலாக அமைந்த எண் அன்று. 2-ஐ 2-ஆல் பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். 4-ஐ அதனாலேயே பெருக்க 16, இரண்டாம் வர்க்கம். மூன்றாவது 256. நான்காவது 65536. ஐந்தாவது 4294967296. ஆறாவது 18446744073709551616. ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கினால் மேற்கண்ட 29 இலக்க எண் கிடைக்கும். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் 1, 2, 4 என இரட்டித்துத் தானியம் வைத்த கதையை வாசகர்கள் கேட்டிருப்பர். அந்தக் கூட்டுத்தொகையோடு ஒன்று சேர்த்தால் வருவது இந்த ஆறாம் வர்க்கமே.

நம் ஆசாரியர்கள் இவ்வெண்களுக்குச் சூட்டிய பெயர்களே ஒரு நினைவு உத்தி. நான்காம் வர்க்கத்துக்குப் 'பண்ணட்டி' என்று பெயர். அதன் பொருள் அறுபத்தைந்து. ஐந்தாவதுக்குப் 'பாதால' என்று பெயர். அதன் பொருள் நாற்பத்திரண்டு. ஆறாவது 'ஏகட்டி', ஒன்றும் எட்டும். ஒவ்வோர் எண்ணின் தலையில் உள்ள இரண்டு இலக்கங்களே அதற்குப் பெயராயின. நீண்ட நூலின் நுனியைக் கையில் கொடுத்தது போன்றது இது.

29 இலக்கங்களையோ ஆசாரியர் ஒரே காதையில் 29 எழுத்துகளாக வைத்தார். முதல் எழுத்து த-வருக்கத்தின் முதலாவது, அது 6. எண்ணின் கடைசி இலக்கம் 6 என்பதை மேலே காண்க. காதையில் எண்ணைச் சொல்லும் பகுதியின் கடைசி எழுத்து 'ஸா', அது 7. எண்ணின் முதல் இலக்கம் 7. இடையில் 'மேரு' என்னும் சொல் வருகிறது. அது 5, 2 என்பவற்றைத் தருகிறது. காதையை ஓதத் தெரிந்தவர், திறவுகோலும் தெரிந்தவராயின், எண் முழுவதையும் பிழையின்றி எழுதிவிடலாம்.

இங்கே நம் சமூகத்தார் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இக்காதையைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிட்டால் எண் அழிந்துவிடும். தமிழில் 'த' என்னும் ஓரெழுத்தே வடமொழியின் நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. ஆகவே அது 6, 7, 8, 9 என்னும் நான்கில் எதுவாகவும் ஆகலாம். 'தீரசங்கராபரணம்' என்பதில் உள்ள 'தீ' அவ்வருக்கத்தின் நான்காம் எழுத்து, எனவே 9. தமிழ் எழுத்தை மட்டும் நம்பி அதை முதல் எழுத்தென்று கொண்டால், 29-க்குப் பதிலாக 26 வரும். அது சாருகேசியின் இடம். காதையின் 29 எழுத்துகளில் 11 எழுத்துகள், ஸ, ஹ, ஜ முதலிய கிரந்த எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டாலும், இவ்வாறு மயங்கும். அந்த 11 இலக்கங்களையும் காப்பது, ஒலியைத் திருத்தமாகக் கற்பிக்கும் ஒரு வாயும் கேட்கும் ஒரு செவியுமே. பிள்ளைகளுக்குக் காதைகளை அச்சில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் உள்ளன. அவற்றின் முன் ஒரு காலத்தில் பாடம் ஓதப்பட்டிருக்கும். கல் நின்றது, ஓதிய குரலுக்குத் தொடர்ச்சி இல்லை. நம் வீட்டிலும் அவ்வாறு ஆகலாகாது.

மூன்றாம் வழி: தமிழுக்கு ஏற்ற முறை

கடபயாதி தமிழ் எழுத்துக்கு இசையாது எனக் கண்டோம். ஆகவே பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் மாணவியருக்காக ஓர் எளிய முறையை வகுத்துக்கொண்டோம். இது பழைய நூல்களில் உள்ளதன்று, வகுப்பறையில் பிறந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் பாகுபாடே இதற்கு அடிப்படை.

வல்லினம் ஆறும் வரிசைப்படி: க - 1, ச - 2, ட - 3, த - 4, ப - 5, ற - 6.
இடையினத்தில்: ய, ர - 7; ல, ழ, ள - 8; வ - 9.
மெல்லினம் ஆறும் (ங, ஞ, ண, ந, ம, ன) - 0.

விதிகள் மூன்று. உயிரெழுத்துக்கு மதிப்பில்லை. புள்ளி வைத்த மெய்க்கு மதிப்பில்லை. உயிர்மெய்க்கு மட்டுமே மதிப்பு; கா, கி, கை எதுவாயினும் 1-தான். மேலும், நாம் எழுதும் போக்கிலேயே இடமிருந்து வலமாக எண்ணைப் படிக்கலாம், திருப்ப வேண்டியதில்லை.

அருப்புக்கோட்டையின் அஞ்சல் குறியீடு 626101. அதற்கு நாம் அமைத்த தொடர்: 'அறம் ஆசை அறுக்கும் நோக்கு'. அறம் என்பதில் 'ற' 6. ஆசை என்பதில் 'சை' 2. அறுக்கும் என்பதில் 'று' 6, 'கு' 1. நோக்கு என்பதில் 'நோ' 0, 'கு' 1. ஆக 6, 2, 61, 01.

குழந்தைகளுக்குத் துன்பம் நேர்ந்தால் அழைக்க வேண்டிய உதவி எண் 1098. இதற்குத் தொடர்: 'கனவு எல்லாம்'. க 1, ன 0, வு 9, லா 8. இணைய வழியில் பணத்தை இழந்தோர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. இதற்கு ஒரே சொல் போதும்: 'கவடமே'. க 1, வ 9, ட 3, மே 0. கவடம் என்றால் வஞ்சகம். வஞ்சித்தவனைப் பற்றி முறையிடும் எண் என்று பொருளும் பொருந்துகிறது.

அலைபேசி எண்ணின் நீளத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின், மேலே கண்ட ஐந்தாம் வர்க்கமாகிய 4294967296 பத்து இலக்கங்களே கொண்டது. அதற்கு 'தேசம், வீதி வேறு. அரசு வேறு' என்று ஒரு தொடர் அமைத்துள்ளோம். தேசம் 42, வீதி 94, வேறு 96, அரசு 72, வேறு 96. வாசகர்கள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

சொல்லே காவல்

இம்முறையின் பெரும்பயன் ஒன்றைத் திருச்சுழியில் நேர்ந்த நிகழ்ச்சிக்குப் பின்னரே நாம் முழுவதும் உணர்ந்தோம். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். டச்சுக் கணிதர் வெர்ஹோஃப் 1969-இல் வகுத்த முறைப்படி அது அமைகிறது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும், எண் பொருந்தாமல் பிழை வெளிப்பட்டுவிடும். அலைபேசி எண்ணுக்கு அத்தகைய காவல் இல்லை. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் அயலார் வீட்டில் மணி ஒலிக்கும். அன்று நமக்கு நேர்ந்தது அதுவே. 'வேறு' என்னும் சொல்லில் எழுத்துகளை இடம் மாற்றினால் 'றுவே' என்று ஆகும். அது சொல்லே அன்று. நாக்கு உடனே தயங்கும். சொல்லாக நினைத்த எண்ணுக்குச் சொல்லே காவல்.

நம் ஆகம வரலாறும் இதனை ஓர் அழகிய நிகழ்ச்சியால் உணர்த்துகிறது. வாய்மொழியாக வந்த சுருத ஞானம் குறைந்து வருவதைக் கண்ட தரசேனாசாரியார், தமக்குப் பின் அது அற்றுப்போகலாகாது எனக் கருதி, கிர்நார் மலைக்கு இரு முனிவர்களை வரவழைத்தார். அவர்களைச் சோதிக்க இரண்டு மந்திரங்களைக் கொடுத்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகை, மற்றொன்றில் ஓரெழுத்துக் குறை. இருவரும் ஓதினர், தோன்றிய தேவதைகளின் உருவம் திருத்தமாக இல்லாததைக் கண்டனர், இலக்கணப்படி மிகையை நீக்கியும் குறையை நிரப்பியும் மீண்டும் ஓதினர். அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும். பாடம் பெற்ற பின் பூதபலி தமிழ் நாட்டுப் பகுதிக்கு வந்தார் என்று 'தவளா' உரை கூறும். அவ்விருவரால் ஷட்கண்டாகமம் எழுத்தில் நிலைத்தது. அந்நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாய் என்று ஆசாரியர் கேட்கவில்லை. ஓரெழுத்துப் பிழைத்தால் உனக்குத் தெரிகிறதா என்றே சோதித்தார். நினைவுப் பயிற்சியின் உயிர் அங்கே உள்ளது.

எவ்வாறு பயில வேண்டும்?

1. எண்ணைத் தொகுதிகளாகப் பிரிக்கவும். பத்து இலக்கமாயின் இரண்டிரண்டாகவோ, 3-3-4 ஆகவோ பிரிக்கலாம். ஒருமுறை பிரித்ததை மாற்றலாகாது.

2. ஒவ்வொரு தொகுதிக்கும் அறிந்த தொகை உண்டா என்று பார்க்கவும். இல்லையெனில் வல்லின முறையில் சொல் அமைக்கவும். பிறர் அமைத்ததைவிடத் தாமே அமைத்த சொல் ஆழமாக நிற்கும். பொருள் சற்று நகைப்புக்கு இடமாயினும் குற்றமில்லை.

3. எழுதியதைப் பார்த்துப் பலமுறை படிப்பதைக் காட்டிலும், மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது மேல். தவறினால் மட்டும் திறந்து பார்க்கவும்.

4. ஜெர்மானிய அறிஞர் எபிங்கௌஸ் 1885-லேயே காட்டியவாறு, கற்றது முதல் சில மணி நேரத்தில்தான் மிக விரைவாக மறந்துபோகிறது. எனவே கற்ற அன்று இரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என இடைவெளியை நீட்டிக்கொண்டே சென்று சொல்லிப் பார்க்கவும்.

5. சொல்லிலிருந்து எண்ணுக்கும் எண்ணிலிருந்து சொல்லுக்கும் இருவழியிலும் பழகவும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வங்கி அட்டையின் இரகசிய எண்ணுக்கு அமைத்த தொடரைத் தாளில் எழுதி வைத்தலும், பிள்ளைகள் முன் உரக்க ஓதுதலும் கூடாது. இக்கட்டுரையைப் படித்த எவரும் அதை எண்ணாக மாற்றிவிடுவர் அல்லவா?

2015 மார்ச் 21 அன்று நம் வேலூரில், வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், ராஜ்வீர் மீனா என்னும் இளைஞர் கண்களைக் கட்டிக்கொண்டு, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை 70,000 தசம இடங்கள் வரை கூறினார். அதற்கு ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அத்தகைய அருஞ்செயல் நமக்கு வேண்டியதில்லை. நமக்கு வேண்டியவை நான்கைந்து எண்கள்: மகன் அல்லது மகளின் எண், அண்டை வீட்டாரின் எண், மருத்துவ ஊர்தி 108, அவசர உதவி 112, இவற்றோடு 1930, 1098. பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தாயின் எண்ணும் தந்தையின் எண்ணும் இரண்டும் நெஞ்சில் இருத்தல் வேண்டும். முதியோருக்கும் அவ்வாறே.

பயிற்சி

அ) அருப்புக்கோட்டையின் தொலைபேசிக் குறியீடு 04566. வல்லின முறையில் ஒரு தொடர் அமைக்கவும்.

ஆ) நான்காம் வர்க்கமாகிய 65536-க்குப் பொருளுள்ள தொடர் ஒன்று அமைக்கவும்.

இ) 'மகாவீரர்' என்னும் சொல் இம்முறையில் தரும் எண் யாது? (விடை: 0197. 'ர்' புள்ளி பெற்றதால் மதிப்பில்லை.)

ஈ) இல்லத்தார் ஒருவரின் எண்ணுக்குத் தொடர் அமைத்து, ஒரு வாரம் கழித்து மூடி வைத்துச் சொல்லிப் பார்க்கவும். விடையைத் தாள் சொல்ல வேண்டா. அந்த எண்ணுக்கு அழைத்தால், எடுப்பவர் குரலே விடை.

நம் மகளின் எண்ணுக்கும் ஒரு தொடர் அமைத்துள்ளோம். அது அவளுடைய எண் ஆதலின் இங்கு எழுதவில்லை. நாள்தோறும் இரவில் பஞ்ச நமஸ்காரம் ஓதிய பின், அதையும் ஒருமுறை சொல்லிவிட்டே உறங்குகிறோம். சென்ற மாதம் மீண்டும் திருச்சுழிக்குச் சென்றபோது, அதே தேநீர்க் கடையில் இறங்கி, கைப்பையில் அலைபேசி இருந்தும், கடைக்காரரிடம் அவர் அலைபேசியைக் கேட்டு வாங்கினோம். எண்ணைச் சொன்னோம், அவர் அழுத்தினார். முதல் மணியிலேயே மகள் எடுத்தாள்.